இன்னும் எத்தனை பந்து?

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை இரவு. தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சுவரில் மாட்டிய டிவியில் சேப்பாக்கம் முழுக்க மஞ்சள். பெங்களூரு அணி 196 அடித்திருந்தது. துரத்திய சென்னைக்கு ஆறு விக்கெட் போய்விட்டது, ஆட்டமும் கிட்டத்தட்டக் கையை விட்டுப் போய்விட்டது. ஏழாவதாக அஷ்வின் அவுட். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், பத்து வருடம் கழித்துத் தாய் அணிக்குத் திரும்பி வந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கியதும் கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார். டீ மாஸ்டர்கூட ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

அடுத்து வருவது தோனி.

என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் வேலை. சனி, ஞாயிறுக்காக அன்று சாயங்காலம்தான் ஊருக்கு வந்திருந்தான். "மாமா, நாலு ஓவருக்கு மேல இருக்குது மாமா" என்றான். குரல் கம்மிப் போயிருந்தது. ஓவருக்கு இருபது ரன்னுக்கு மேல் வேண்டும் என்பதை அவனும் சொல்லவில்லை, கடையில் வேறு யாரும் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் பந்துகளைத்தான் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தோனி 16 பந்தில் 30 அடித்து அவுட்டாகாமல் நின்றார். சென்னை 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் பெங்களூரு கடைசியாக ஜெயித்தது 2008-ல். பதினேழு வருடக் கோட்டை அன்றைக்கு விழுந்தது. திங்கட்கிழமை பெங்களூரு ரசிகர்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டியவன் என் மருமகன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் முகத்தில் தோல்வியின் சுவடே இல்லை. கடைசி ஓவரில் அடித்த இரண்டு சிக்ஸரையும் கையால் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தான்.

சொந்த அணியின் விக்கெட் விழும்போது ரசிகன் ஏன் கொண்டாடுகிறான்? சில வருடங்களாகவே இது நடக்கிறது. தான் மேல் வரிசையில் ஆடப் போனால் எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என 2023-லேயே ரவீந்திர ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம் சேப்பாக்கத்தில் தோனிக்கு முன்னால் தானே இறங்குவதுபோல நாலு எட்டு நடந்து, கூட்டத்தின் கூச்சலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் விளையாட்டும் காட்டினார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் குறைவு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ரசிகனின் உடம்பு அணியோடு கட்டப்பட்டது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் இதயக் கோளாறோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைப்போல 2.66 மடங்காக இருந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் ஹர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ரசிகர்களை ஆட்டம் பார்க்க வைத்து, முடிந்ததும் அவர்களுடைய சொந்தத் திறமையைப் பற்றிக் கேட்டார்கள். அணி தோற்ற நாளில் ரசிகன் தன்னுடைய திறமையையே குறைத்து மதிப்பிட்டான். ஆடியது யாரோ, ஆனால் தாழ்ந்துபோனது இவனுடைய தன்னம்பிக்கை. அப்படியென்றால் அஷ்வின் விக்கெட் அந்தக் கடையில் ஒவ்வொருவருக்கும் ஊசியாகக் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. அணியைவிடப் பெரிய ஒன்று அந்த நேரத்தில் அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அது என்ன என்பதற்கு ஒரு மிட்டாய்ச் சோதனை உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட் ஓ'பிரையன், ஃபீபி எல்ஸ்வொர்த் இருவரும் மாணவர்களுக்கு ஒவ்வொன்றாக ஐந்து சாக்லேட் கொடுத்து, ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மொத்தம் எத்தனை என்று முன்னால் சொல்லவில்லை. ஐந்தாவதைக் கொடுக்கும்போது ஒரு பாதிப் பேரிடம் "இது அடுத்த சாக்லேட்" என்றார்கள். மறுபாதியிடம் "இது கடைசிச் சாக்லேட்" என்றார்கள். அதே இனிப்புதான். ஆனால் கடைசி என்று கேட்டவர்களுக்கு அந்த ஐந்தாவது கூடுதலாக ருசித்தது. ஐந்தில் எது பிடித்தது என்று கேட்டபோதும் அவர்களில் 64 சதவீதம் பேர் அதையே காட்டினார்கள். 'அடுத்தது' என்று கேட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 22 சதவீதம். ஆய்வு வெளியானது 2012-ல்.

ஒரு சொல் நாக்கின் ருசியையே மாற்றுகிறது. ஏன் என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல வருட ஆராய்ச்சியில் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. முன்னால் நிறைய காலம் இருக்கிறது என்று நினைக்கும்போது மனிதர்கள் தேடலில் இறங்குகிறார்கள்: புதியவர்கள், புதிய செய்திகள், பின்னால் பயன்படக்கூடிய லாபங்கள். காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் மனம் அதையெல்லாம் இறக்கி வைத்துவிடுகிறது. இப்போது, இங்கே, மனதுக்கு நெருக்கமானது எதுவோ அதன் பக்கம் திரும்பிவிடுகிறது. அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள் என்று கேட்டால், இளைஞர்கள் பலவிதமாகப் பதில் சொல்கிறார்கள், முதியவர்கள் நெருங்கிய சொந்தத்தைச் சொல்கிறார்கள். ஆனால் இளைஞர்களிடம், தன்னந்தனியாகத் தொலைதூர ஊருக்குக் குடிபெயரப் போகிறீர்கள் என்று கற்பனை செய்துகொள்ளச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், அவர்களும் முதியவர்களைப்போலவே சொந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படும் நாள் நெருங்கியபோது அங்கே இதுதான் நடந்தது. அந்த நாள் கடந்து ஓராண்டு ஆனதும் இளைஞர்கள் பழைய மாதிரியே பதில் சொல்லத் தொடங்கினார்கள். ஆக, இதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. முடிவு கண்ணுக்குத் தெரிகிறதா என்பது தீர்மானிக்கிறது.

தருமபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஸ்டான்ஃபோர்ட் தேவையில்லை. மழையை நம்பிய மாவட்டம் இது. கேழ்வரகும் மாவும் புளியும் விளைந்தாலும், பாதி வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்த்தான் சம்பாதிக்கிறார்கள். பொங்கல் விடுமுறையின் முதல் நாள் அவர்கள் வீட்டில் தங்குவதில்லை. ஒகேனக்கல், வத்தல்மலை, நண்பர்கள், கறிக்கடை என்று சுற்றுவார்கள். கடைசி நாள் சாயங்காலம் பாருங்கள். அதே பையன் எங்கேயும் போக மாட்டான். அம்மா முறத்தில் கொள்ளு புடைக்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். பேசவும் மாட்டான். பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை நேரம் என்று மட்டும் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பான். அந்த இரண்டு மணி நேரம் அவனுக்கு எந்த லாபத்தையும் தரப்போவதில்லை. விடுமுறையிலேயே மிகவும் அடர்த்தியான நேரம் அதுதான்.

டீக்கடையில் நான் பார்த்தது அதே முகங்களைத்தான். ஜெயிப்பது என்பது எதிர்காலத்தைச் சேர்ந்த விஷயம், புள்ளிப் பட்டியலைச் சேர்ந்த விஷயம். தோனி ரசிகன் அந்தக் கணக்கை விட்டு இறங்கிவிட்டான். 2024 ஐபிஎல்லில் தோனி 14 ஆட்டத்தில் களம் கண்டார். மொத்தமாகச் சந்தித்தது 73 பந்து, எடுத்தது 161 ரன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து பந்து. இரண்டு மாதக் காத்திருப்புக்கு எழுபத்து மூன்று சாக்லேட், அதில் ஒவ்வொன்றும் கடைசியாக இருக்கலாம். அப்படிப்பட்டவனிடம் போய் ஏழாவது விக்கெட் விழுந்ததற்கு ஏன் வருத்தப்படவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஏன் ஐந்து பந்து? ஏன் ஒன்பதாவது ஆளாக இறங்குகிறார்? அந்த மார்ச் மாதம் இதைப் பற்றிக் கோபமாகப் பேசாத ரசிகரே தமிழ்நாட்டில் இல்லை. சென்னைப் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் பெங்களூருவிடம் தோற்ற இரண்டு நாள் கழித்து குவாஹாட்டியில் விளக்கம் சொன்னார்: முட்டி பழையபடி இல்லை, நன்றாக நடமாடுகிறார், ஆனால் பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் நிறைய உடலியல் இருக்கிறது.

விக்கெட் கீப்பரின் வேலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முழுதாகக் குந்தி எழ வேண்டும். ஆழமாகக் குந்தும்போது முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் அழுத்தம் உடல் எடையைப்போலப் பல மடங்கு. தோனி 350 ஒருநாள் ஆட்டம் ஆடியவர். ஓர் இன்னிங்ஸ் 300 பந்து. எல்லா ஆட்டமும் முழுதாக நடப்பதில்லை என்று தாராளமாகப் பாதியைக் கழித்தாலும் அரை லட்சம் தடவைக்கு மேல் குந்தி எழுந்த முட்டி அது. 90 டெஸ்டையும் ஐபிஎல்லையும் இன்னும் சேர்க்கவே இல்லை. மூட்டுக்குள் வழவழப்பாக இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தோலில் காயம் பட்டால் ரத்தம் வந்து ஆற்றும், எலும்பு முறிந்தாலும் கூடும். குருத்தெலும்பு தேய்ந்தால் பழையபடி வளராது. 2023-ல் ஐபிஎல் கோப்பையை வாங்கிய கையோடு மும்பையில் இடது முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த சீசன் முழுவதும் அவர் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

முப்பது வயதைத் தாண்டினால் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அதிலும் முதலில் மெலிவது வேக இழைகள், அதாவது வெடித்துக் கிளம்பவும் சட்டென்று நிற்கவும் பயன்படுபவை. இரண்டாவது ரன்னுக்குத் திரும்புவது என்றால் முழு வேகத்தில் வந்து, ஒரு காலை ஊன்றி, மொத்த எடையையும் முட்டியில் நிறுத்தி, எதிர்த் திசையில் மறுபடி கிளம்புவது. ஒரு காலத்தில் ஒன்றை இரண்டாக்குவதில் தோனியை மிஞ்ச ஆளில்லை. 2019 ஜூலை 10, மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி, நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்தில் சில அங்குலத்தில் கோட்டைத் தவறவிட்டார். அப்போது வயது 38. இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். சிக்ஸருக்கு ஓட வேண்டியதில்லை. தேய்ந்த முட்டியோடு ஆடும் மனிதர் கடைசி ஐந்து பந்துக்கு வந்து சிக்ஸர் மட்டும் தேடுவதன் காரணம் அந்த மூட்டுக்குள் இருக்கிறது.

ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ரசிகனின் நெஞ்சை மிகவும் வதைப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து, ஒரு க்ரீஸிலிருந்து மறு க்ரீஸுக்கு இருக்கும் 17.68 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கையை மாற்றிக்கொள்ளக் குறைந்தது 0.2 நொடி தேவை. அந்த நேரத்தில் பந்து ஏழு மீட்டர் வந்துவிடும். அந்த ஏழு மீட்டருக்குள் பந்து என்ன செய்தாலும் எந்த மட்டையாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய வீரர்களுக்கு இந்த 0.2 நொடி குறைவாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1987-ல் பீட்டர் மெக்லியாட் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது சர்வதேச வீரர்களுக்கும் அதே நேரம்தான் ஆனது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்டும் அவரும் மட்டையாளர்களின் விழி அசைவைப் பதிவு செய்தார்கள். நல்ல மட்டையாளர் பந்தைத் தொடர்ந்து பார்ப்பதே இல்லை. கையை விட்டுப் புறப்படும்போது பார்க்கிறார், பிறகு பந்து எங்கே குத்தும் என்று கணித்து, கண் அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. திறமை கூடக் கூட அந்தத் தாவல் சீக்கிரம் நடக்கிறது. அதாவது பெரிய வீரரின் சொத்து வேகமான நரம்பு இல்லை, பல்லாயிரம் பந்துகளில் சேர்ந்த கணிப்பு.

அதே மார்ச் 28 இரவு, முதல் பாதியில் நடந்ததைச் சொல்கிறேன். நூர் அகமது வீசிய பந்தை ஃபில் சால்ட் டிரைவ் ஆடப் போய்த் தவறவிட்டார். பின்கால் ஒரு கணம் தரையை விட்டு எழுந்தது. அவ்வளவுதான், பெயில்கள் பறந்தன. பந்தை வாங்கியதற்கும் ஸ்டம்பைத் தட்டியதற்கும் இடையே பத்தில் ஒரு நொடி என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். காலைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதற்கு அது போதவே போதாது. கீப்பிங் சொல்லிக்கொடுப்பவர்கள், பந்து வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்து மெத்தென்று வாங்கு என்பார்கள். தோனி அப்படி வாங்குவதில்லை. கை ஸ்டம்பை நோக்கிப் போகிற வழியிலேயே பந்து உள்ளே வந்து விழுகிறது. சால்ட் தவறவிடப் போகிறார், கால் எழும்பப் போகிறது என்ற கணிப்பு பந்து வருவதற்கு முன்பே அந்தக் கையில் இருக்கிறது. வயது அப்போது 43. சர்வதேச ஆட்டங்களில் 195 பேரை ஸ்டம்பிங் செய்த கணிப்பு அது. முட்டி தேய்ந்துவிட்டது, கணிப்பு தேயவில்லை. எல்லாம் ஒன்றாக முதுமை அடைந்திருந்தால் வழியனுப்புவது சுலபம். பாதி போய், பாதி பழைய கூர்மையோடு அப்படியே நிற்கிறபோது எந்த மனம் போதும் என்று சொல்லும்?

இனி ரசிகன் பக்கம். ஏன் தோனி? சச்சினுக்கும் இப்படி அழுதோமே, அடுத்து வருபவருக்கும் அழுவோமா? நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் யான்சனும் சக ஆய்வாளர்களும், உலகின் சிறந்த கால்பந்து வீரர்கள் யார் என்று பல வயதுக்காரர்களிடம் கேட்டார்கள். ஒவ்வொருவரும் சொன்ன வீரர், கேட்கப்பட்டவருக்குப் பதினேழு வயது வாக்கில் உச்சத்தில் இருந்தவராகவே பெரும்பாலும் அமைந்தார். பெலேயா, மரடோனாவா என்ற சண்டைக்குப் பின்னால் பிறந்த வருடம் ஒளிந்திருக்கிறது. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவே நடந்தவைதான் நினைவில் மேடாகக் குவிந்து நிற்கின்றன என்பது உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. முதல் முறைகள் எல்லாம் அந்த வருடங்களில்தான் வருகின்றன.

என் மருமகனுக்கு 2011 ஏப்ரல் 2 அன்று வயது பதினேழு. அந்தச் சனிக்கிழமை இரவை எனக்கும் மறக்க முடியாது. தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த நாட்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி. எங்கள் தெருவில் ஒரு வீட்டு டிவியை எடுத்து வந்து திண்ணையில் வைத்திருந்தார்கள். சின்னத் திரை, நாற்பது பேர். தோனி 79 பந்தில் 91, கடைசி ஷாட் லாங் ஆன் மேல் பறந்து வான்கடே கூட்டத்துக்குள் போய் விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பந்தே தெரியவில்லை. முன்வரிசையின் முதுகுகள் துள்ளியதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். என் மாமாவின் தோளில் ஏறி நின்று கத்தினான் இவன். அந்த மாமா இப்போது இல்லை. அந்த டிவியும் இல்லை. பந்து வீச வந்தவர்கள், கூட ஆடியவர்கள், சேவாக், யுவராஜ், ஜாகீர், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்த இரவிலிருந்து இன்னும் களத்தில் மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலர். அவர் மட்டையோடு நடந்து வரும்வரை அந்தத் திண்ணை எங்கோ இருக்கிறது.

நேரில் ஒருமுறைகூடப் பேசாத மனிதருக்காக இத்தனை பாசமா என்று கேட்கலாம். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்குள் வந்திருந்தது. திரையில் தினமும் தோன்றும் மனிதரோடு பார்ப்பவருக்கு நட்பு போன்ற ஒன்று உண்டாவதைக் கவனித்தார்கள். தமிழில் ஒருபக்க உறவு என்று சொல்லலாம். ஒருபக்கம் என்பதால் பொய் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் பெரிதாக ஓடிய 'ஃபிரெண்ட்ஸ்' தொடர் 2004-ல் முடிந்தபோது கெரன் எயாலும் ஜோனாதன் கோஹனும் பார்வையாளர்களை ஆராய்ந்தார்கள். நிஜ உறவின் பிரிவைவிட வலி குறைவுதான், ஆனால் அதே சாயலில் இருந்தது. பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு ஒட்டியிருந்தார்களோ அவ்வளவு வலித்தது.

அந்த ஒட்டுதல் எதனால் ஆனது? என்னைக் கேட்டால், கணிப்பால் ஆனது. தோனி படியிறங்கி வரும்போது என்னென்ன செய்வார் என்று என் மருமகனுக்குத் தெரியும். கையைச் சுழற்றித் தோளைத் தளர்த்துவார், அண்ணாந்து வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவார், க்ரீஸுக்கு வந்ததும் கையுறையின் பட்டையைச் சரக்கென்று பிரித்து மறுபடி ஒட்டுவார். அவர் பட்டையில் கை வைக்கும் முன்பே இவன் விரல் அசையும். நான் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்தில் ஒரு மூளைக்குள் இன்னொரு மனிதரின் முழு அச்சு உருவாகிவிட்டது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி ஃபிரான்சஸ் ஓ'கானர், துக்கம் என்பதே ஒருவகைக் கற்றல் என்கிறார். பிரியமானவர் வழக்கமான இடத்தில் இருப்பார் என்று மூளை கணித்துக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அந்தக் கணிப்பு பொய்த்து, மெல்ல மெல்லத் திருத்திக்கொள்கிறது. அவர் பேசுவது மரணத்தைப் பற்றி. ஆனாலும் ஏழாவது விக்கெட் விழுந்தும் அந்தப் படியில் யாரோ வேறு ஒருவர் இறங்கி வரப்போகும் முதல் சீசனை நினைத்தால் எனக்கு இந்த விளக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்கு முன் இந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது தனிக் கதை. முரளிதரன் 2010-ல் காலேயில் இதுதான் என் கடைசி டெஸ்ட் என்று சொல்லிவிட்டு ஆடினார், கடைசிப் பந்தில் 800-ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டுப் போனார். சச்சின் 2013-ல் ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டு, வான்கடேயில் கையசைத்து விடைபெற்றார். தோனி சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. 2014 டிசம்பர் 30, மெல்போர்ன் டெஸ்ட் முடிந்ததும் தொடரின் நடுவிலேயே டெஸ்டிலிருந்து விலகினார். 2020 ஆகஸ்ட் 15, சென்னையில் இருந்தபடி, 19.29 மணி முதல் ஓய்வு பெற்றதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு வரி. இரண்டு முறை சூடுபட்ட ரசிகன் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் சாதாரணமாகப் பார்க்க முடியாது. 2021-ல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், தன் கடைசி டி20 சென்னையில்தான் இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார், அது அடுத்த வருடமா ஐந்து வருடம் கழித்தா தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். 2025 ஏப்ரல் 5 அன்று அவருடைய பெற்றோர் சேப்பாக்கத்துக்கு வந்து உட்கார்ந்ததும் ஊரே கலங்கிப்போனது அதனால்தான்.

மூளைக்குள் இதற்கு ஓர் இடம் உண்டு. 2003-ல் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸின் குழு குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரு படத்தைக் காட்டிய பிறகு பழச்சாறு வரலாம், வராமலும் போகலாம். நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் நரம்பணுக்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வருவதற்கும் வராததற்கும் சமவாய்ப்பு என்னும்போதுதான் அந்த இடைவெளி முழுவதும் படிப்படியாக உச்சத்துக்கு ஏறின. இன்றைக்கு இறங்குவாரா, மாட்டாரா? இது கடைசியா, இல்லையா? இரண்டுமே பாதிக்குப் பாதி. 2024 ஏப்ரலில் லக்னோவில், அதாவது எதிரணியின் ஊரில், அவர் இறங்கியபோது லக்னோ வீரர் குவின்டன் டி காக்கின் மனைவியுடைய கைக்கடிகாரம் 95 டெசிபல் என்று எச்சரிக்கை கொடுத்தது. பத்து நிமிடம் தொடர்ந்து கேட்டால் காது தற்காலிகமாக மந்தமாகும் அளவு. அதே மாதம் சேப்பாக்கத்தில் எதிரணி வீரர் ஆந்த்ரே ரஸ்ஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

2023 இறுதிப் போட்டியோடு போயிருக்கலாம் என்று சொல்பவர்கள் எங்கள் கடையிலும் இருக்கிறார்கள். ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடிக்க, ஐந்தாவது கோப்பை, அவரைத் தூக்கிக்கொண்ட தோனியின் ஈரக் கண்கள். அதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்பது உண்மைதான். ஓர் அனுபவத்தை நினைவு வைத்துக்கொள்ளும்போது அதன் உச்சத்துக்கும் முடிவுக்கும் மட்டுமே மனம் பெரிய இடம் கொடுக்கிறது என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். நினைவுக்குள் வாழ்பவர்களுக்கு 2023 போதும். சென்னை பத்தாவது இடத்தில், கடைசி இடத்தில், முடித்த 2025 அந்தப் படத்தில் ஒரு கீறல். நான் இந்த வாதத்தை மதிக்கிறேன், ஏற்கவில்லை. படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக யாரும் பிள்ளையை முந்தின பஸ்ஸுக்கே அனுப்பிவிடுவதில்லை. அந்த சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் முடிவெடுக்க நாலைந்து மாதம் இருக்கிறது என்றார் தோனி. 2026-க்கும் அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது 2025 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். அன்று லக்னோவில் ஆட்டம். விடுமுறை முடிந்து மருமகன் பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அக்கா கேழ்வரகு மாவு, புளி, கொள்ளு எல்லாம் கட்டிப் பையில் வைத்துவிட்டாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, வாசல்படியில் நின்றபடியே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். 167 எடுக்க வேண்டும், 111-க்கு ஐந்து விக்கெட். தோனி படியிறங்கினார்.

அந்த இரவு அவர் 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்க வைக்கப் போகிறார், 43 வயதில் ஆட்டநாயகன் விருது வாங்கப் போகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. "இந்த பஸ்ஸ விட்டுடறேன் மாமா" என்றான்.

அக்காவுக்குக் கிரிக்கெட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. இருபது வருடமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டுதான் சமையல் செய்தாள். அன்றைக்குக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். திரையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன பந்து இருக்குதுடா?"

"முப்பதும்மா."

"முப்பதா" என்று சொல்லிக்கொண்டே அவன் தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.